மழை நாள் ஆர்மோனியம்

"டீச்சர், உங்கள எப்ப வந்து பாக்கலாம்?"

கல்லூரியில் இசை சொல்லித்தர வந்த முதல் நாள், ஒரு மாணவி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் தகரக் கூரையில் மழை இரைந்தது.

சின்ன வயதில் நாங்கள் இருந்த, கோலா கிளாவாங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் விடியற்காலை மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது. அப்பாவுக்கு வேலையில்லை, கூலியுமில்லை. அன்றைக்குத்தான் ஆர்மோனியத்தைத் திறப்பார். அதன் பக்கவாட்டில் கன்னத்தை வைத்துக் கேட்பேன், பல்லெல்லாம் அதிரும்.

"அரிசிக்கே வழியில்ல, பாட்டு ஒரு கேடா?" என்பாள் அம்மா.

"மழ விட்டா வேலைக்குப் போயிடுவேன்லா," என்பார் அப்பா.

மழை விடக்கூடாதென்று நான் மட்டும் சாமியைக் கும்பிடுவேன்.

மாணவி இன்னும் நின்றிருந்தாள்.

"எப்ப வேணும்னாலும் வாம்மா," என்றேன். "வெயிலடிச்சாலும் வா."