பேதுரு துப்பாத வைன்

என் மாமியின் மூத்த மகன் பேதுரு மன்னாரில் லொறி ஓட்டியவன். எண்பத்தாறில் பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் வாமதேவன் அண்ணையின் சாப்பாட்டுக் கடைக்கு வான் ஓட்டினான். அவனுடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஒரு வழக்கு விழுந்தால் எல்லாம் போச்சு என்று பயந்து, சிவப்பு விளக்கு எரிந்தால் நடந்துகூட வீதியைக் கடக்க மாட்டான்.

ஒருமுறை கடைக்கு வைன் வாங்க அவனும் அண்ணையும் தெற்கே போனார்கள். மலையடித் தெருவெங்கும் திராட்சைத் தோட்டங்கள், வீட்டிலேயே வைன் செய்து விற்கும் சின்னக் குடும்பங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ருசி பார்க்க வார்த்துக் கொடுத்தார்கள்; பக்கத்தில் ஒரு வாளியும் இருந்தது.

"வாயிலை வைச்சுப் பார்த்திட்டு வாளிக்குள்ளை துப்பு. நீதான் ஓட்டவேணும்," என்றார் அண்ணை. அவர் அப்படியே செய்தார். பேதுருவுக்கோ, வீட்டுக்காரி தன் கையால் வார்த்துத் தந்ததை அவள் முன்னாலேயே துப்ப மனம் வரவில்லை. நான்கு வீட்டிலும் விழுங்கிவிட்டான்.

மலையால் இறங்கும்போது, கீழே பொலிஸ் வாகனங்களை மறித்து, குடித்திருக்கிறார்களா என்று பார்க்கக் குழாயில் ஊத வைப்பது தெரிந்தது. பேதுரு வானை வளைவுக்கு முன்னால் மரத்தடியில் நிறுத்தினான்.

"என்னடா?"

"அண்ணை, நான் ஒண்டும் துப்பேல்லை."

"நாலு வீட்டிலையுமோ?"

"ஓம். அந்த மனிசி பார்த்துக்கொண்டு நிக்க எப்பிடித் துப்பிறது?"

"விசரா, அவள் துப்பத்தானே வாளி வைச்சவள். இறங்கு."

அண்ணை ஓட்டுகிற இடத்தில் ஏறினார். பொலிஸ்காரர் அவரை ஊத வைத்தார், குழாய் ஒன்றும் காட்டவில்லை. பிறகு குனிந்து பேதுருவையே பார்த்தார். அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். கடைசியில் போகச் சொல்லிக் கை காட்டினார்.

பாரிஸ் வரும்வரை அண்ணையே ஓட்டினார். எண்பத்தெட்டில் பேதுருவுக்கு அகதிக் கடதாசி கிடைத்தது. அதன் பிறகும் தெற்கே போகும்போது, பேதுரு துப்பமாட்டான் என்று தெரிந்து, வானை அண்ணைதான் ஓட்டினார்.