ஐந்தடி மூன்று அங்குலம்

எங்கள் குடும்பத்தில் டேப்பைப் பிடித்து அளவு சொல்லத் தெரிந்த முதல் ஆள் நான்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அதனால் ஆறாம் வகுப்புக்குப் போவதற்குள் வீட்டில் எனக்கு ஒரு அதிகாரி அந்தஸ்து வந்துவிட்டது. கரண்ட் பில்லிலிருந்து உர மூட்டையில் அச்சடித்திருப்பது வரை எல்லாம் என் முன்னால் வரும். நான் படித்துச் சொன்னால் அதுதான் முடிவு. தப்பாகச் சொன்னாலும் திருத்த ஆள் கிடையாது.

அந்த வருஷம்தான் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார்கள். எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. மலைமேல் இருக்கிற ஊர்களில் தக்காளியும் அவரையும் நன்றாக விளையும். ஆனால் இறக்கிக்கொண்டு வர ரோடு கிடையாது. கல்லும் பள்ளமுமாக ஒரு வண்டித்தடம், நடுவில் இரண்டு இடத்தில் ஓடை. சாதாரண வண்டி பாதியிலேயே படுத்துவிடும். அந்தத் தடத்தில் ஏறி இறங்கும்படி வண்டியை மாற்றிவிட்டால் மலைச் சரக்கு முழுவதும் நம் கையில்தான் என்பது அப்பாவின் கணக்கு.

சித்தப்பாவின் கணக்கு வேறு. அது எனக்குத் தெரியாது.

சித்தப்பாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. சின்னம்மா இறந்து மூன்று வருஷம். சின்னம்மாவுக்குத் தாய்வீடு மலைமேல் இருந்தது. தலைப்பிரசவத்துக்கு அங்கே போயிருந்தபோது வலி வந்து, கம்பளியைக் கழியில் தூளியாகக் கட்டி நாலுபேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டாவது ஓடையைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்த ஒரு விஷயத்தையும் கண்முன்னால் நடக்கிற இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எந்தப் புத்தகமும் எனக்கு அதுவரை சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

வண்டி ஒரு மாதம் மாரண்டஹள்ளி வெல்டிங் பட்டறையில் நின்றது. சனி, ஞாயிறுகளில் சித்தப்பாவோடு நானும் போய்விடுவேன். முதலில் ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி வண்டியை ஒரு சாண் உயர்த்தினார்கள். டிராக்டர் டயர்போல ஆழமாக வெட்டு விழுந்த டயர்கள் வந்தன. ஓடைத் தண்ணீர் ஏறாமல் இருக்கப் புகைக்குழாயை வளைத்துக் கேபினுக்கு மேலே கொண்டுபோனார்கள். முன்னால் இரும்புத் தடுப்பு. அடியில் கடப்பாரை, மண்வெட்டி, ஜாக்கி வைக்க ஒரு நீளப்பெட்டி. கிரேட்டுகளை ஐந்து அடுக்கு ஏற்றலாம் என்பதற்காகப் பின்பக்கம் மூன்று புறமும் கம்பி வைத்து உயர்த்தினார்கள். பழைய வண்டி மெதுவாக ஒரு முரட்டு மிருகமாக மாறிக்கொண்டிருந்தது. பள்ளியில் நான் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

கடைசியாகத்தான் அந்தப் பலகை. பின்பக்கத்தில், இடது ஓரமாக, வண்டித் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு நீளப் பலகை வேண்டும் என்றார் சித்தப்பா. அதைச் சும்மா ஆணி அடித்து வைக்கக் கூடாது. பழைய டயர் டியூப்பை வார் வாராக வெட்டி, நாலு மூலையிலும் கட்டித் தொங்கவிட வேண்டும். வண்டி எப்படிக் குதித்தாலும் பலகை குதிக்கக் கூடாது.

வெல்டிங்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார். “ஏம்பா, தக்காளிக்குத் தொட்டில் கட்டித் தாலாட்டப் போறியா?”

“அப்பிடித்தான் வெச்சுக்கங்களேன்” என்றார் சித்தப்பா.

“எவ்ளோ நீளம்?”

சித்தப்பா இடுப்பு மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்ட பழைய நார்க்கயிறு. “இதுக்கு மேல ஒரு சாண் விட்டு வெட்டிருங்க.”

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆணியில் இரும்பு டேப் தொங்கிக்கொண்டிருக்கும்போது கயிறு கொண்டுவந்து அளவு காட்டுகிற ஆளை அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சித்தப்பாவுக்கு டேப் படிக்கத் தெரியாது, அதனால்தான் கயிறு என்று நினைத்தேன். குடும்ப மானம் என் கையில் இருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, கயிற்றின் ஒரு முனையை அவரைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை நான் இழுத்துப் பிடித்து அளந்தேன்.

“அஞ்சடி மூணு அங்குலம்” என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

சித்தப்பா என்னையே பார்த்தார். “இன்னொருக்கா சொல்லு பாப்பா.”

பாராட்டுகிறார் என்று நினைத்து, இன்னும் உரக்கச் சொன்னேன்.

வண்டி வெளியே வந்தது. முதல் நடையிலேயே இரண்டு ஓடைகளையும் தாண்டி ஏறி இறங்கியது. அப்பா மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவுக்கே பொரி கொடுத்தார். ஆனால் பத்து நாளில் அவருக்கு அந்தப் பலகை உறுத்த ஆரம்பித்தது. பலகைக்குக் கீழே ஒரு அடுக்கு கிரேட்தான் வைக்க முடியும். பலகைமேல் எதையும் ஏற்றச் சித்தப்பா விடுவதில்லை. வண்டி நிறைந்து வழியும்போதும் அந்த இடம் மட்டும் காலியாகவே வரும்.

இந்தச் சமயத்தில் எங்கள் கணக்கு டீச்சர் கன அளவு நடத்தினார். நீளம், அகலம், உயரம். வீட்டுக்கு வந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் வண்டியைப் படமாக வரைந்தேன். கிரேட்டின் அளவு, பலகையின் அளவு எல்லாம் எழுதினேன். பலகை இல்லாவிட்டால் அந்த இடத்தில் அடுக்குக்கு நாலு கிரேட், ஐந்து அடுக்கு, மொத்தம் இருபது. இப்போது வைப்பது நாலு. வீணாவது பதினாறு. சிவப்புப் பேனாவால் பதினாறைச் சுற்றி வட்டம் போட்டு, தக்காளி ஏற்றிவிட வந்திருந்த இரண்டு தோட்டக்காரர்கள் முன்னால் அப்பாவிடம் காட்டினேன்.

அப்பாவுக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் நோட்டை இரண்டு கையாலும் வாங்கி, எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினார். “பாத்தீங்களா, எங்கூட்டுப் பாப்பா புஸ்தகத்துல வெச்சே கண்டுபிடிச்சிருச்சு. டேய், இங்க வா. நடைக்குப் பதினாறு கிரேட் வுட்டுட்டு வரியாமே!”

சித்தப்பா நோட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அது சும்மாவே கெடக்கட்டும்ணா. சும்மா கெடந்தாத்தான் நல்லது.”

“சும்மா கெடக்கறதுக்கு எதுக்குடா பலகை?”

அப்பாவுக்கு அந்தப் பலகை எதற்கு என்று தெரிந்திருக்கும் என்றுதான் இன்று நினைக்கிறேன். தெரிந்தும் அவர் என் நோட்டைத்தான் பார்த்தார். வெள்ளைத்தாளில் தன் மகள் எழுதிய எண்களுக்கு எதிராக அவரால் எதையும் நினைக்க முடியவில்லை. நான் வேறு பக்கத்தில் நின்றுகொண்டு, “ஆமாங்க சித்தப்பா, வேஸ்ட்” என்றேன்.

“பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சித்தப்பா நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் அவரே டியூப் வார்களை அறுத்துப் பலகையை இறக்கினார். அப்பா அதை இரண்டாக வெட்டிச் சுவரில் அடித்து, எனக்குப் புத்தக அலமாரி ஆக்கிக் கொடுத்தார். எங்கள் தெருவிலேயே புத்தகத்துக்கென்று அலமாரி இருந்த வீடு எங்களுடையதுதான்.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை நானும் மலைக்குப் போனேன். தக்காளி விளைச்சல் அமோகமாக இருந்த நேரம். பின்பக்கம் விளிம்புவரை கிரேட். என் பதினாறும் அதில் இருந்தன. கேபினில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். திரும்பும் வழியில் மலையூர் எல்லைப் புளியமரத்தைத் தாண்டும்போது பின்னாலிருந்து கூப்பிடும் சத்தம் கேட்டது. நாலுபேர் கழியில் கம்பளித் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். பக்கத்தில் அவளுடைய அம்மா, தலைமயிர் அவிழ்ந்து, “வண்டிக்காரத் தம்பி, வண்டிக்காரத் தம்பி” என்று.

சித்தப்பா குதித்து இறங்கி நேராக வண்டியின் இடது பக்கத்துக்குத்தான் போனார். அங்கே போய் நின்றுவிட்டார். ஐந்து அடுக்கு தக்காளி நின்றுகொண்டிருந்தது.

அப்புறம் பைத்தியம் பிடித்தவர்போலக் கிரேட்டுகளை இறக்க ஆரம்பித்தார். தூக்கிவந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாம் புளியமரத்தடியில் தாறுமாறாகக் குவிந்தன. இரண்டு கிரேட் கவிழ்ந்து பழம் உருண்டது. எனக்கு அழுகை வந்தது. “சித்தப்பா, வெயில்ல வெந்துரும். அப்பா திட்டும். அவங்கள முன்னாடி என் பக்கத்துல உக்கார வெச்சுக்கலாமில்ல? எறக்கவே வேணாமில்ல?”

அவர் என்னைத் திட்டவில்லை. “நீ உள்ள ஏறு பாப்பா” என்று மட்டும் சொன்னார்.

காலிச் சாக்குகளை இரும்புத் தரையில் விரித்து அந்தப் பெண்ணைப் படுக்க வைத்தார்கள். தலை அவளுடைய அம்மா மடியில். இறங்கும்போது ஒவ்வொரு கல்லுக்கும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். சித்தப்பா மெதுவாகப் போவார். நேரமாகிறதே என்று வேகமாகப் போவார். சத்தம் வந்ததும் மறுபடி மெதுவாக. நான் காதைப் பொத்திக்கொண்டு, மரத்தடியில் எத்தனை கிரேட் விட்டுவிட்டு வந்தோம் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். இரண்டாவது ஓடையைத் தாண்டும்போது சித்தப்பா கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, “அம்மா, பேச்சு குடுத்துக்கிட்டே வாங்க, பேச்சு குடுத்துக்கிட்டே வாங்க” என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

பாலக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

பலகை இருந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அப்படித்தானா என்று எனக்கும் தெரியாது. அன்று திரும்பி வந்ததும் அப்பா வண்டியைச் சுற்றிவந்து, சாக்கில் இருந்த கறையைப் பார்த்துவிட்டு, தக்காளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போனார். அடுத்த வாரம் சித்தப்பா வேறு பலகை வாங்கிவந்து வாசலிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். இரும்பு டேப்பை விரித்துத் தானே அளந்தார், சாக்பீஸால் குறித்தார், அறுத்தார். என்னைக் கூப்பிடவில்லை. சித்தப்பாவுக்கு டேப் படிக்கத் தெரியுமே என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். லாரிப் பட்டறையில் நாலு வருஷம் வேலை செய்தவருக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? என்னைக் கூப்பிடாததற்குக் கோபித்துக்கொண்டேனே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அந்தப் பலகையில் படுத்துக்கொண்டு பிறகு எத்தனையோ பேர் மலையிறங்கினார்கள். இப்போது அங்கே தார் ரோடு வந்துவிட்டது, ஆம்புலன்ஸும் ஏறுகிறது. நான் படித்து முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். இரும்புப் பாகங்களை அளந்து, சரியா தவறா என்று கையெழுத்துப் போடுகிற வேலை. அந்த வேலைவரை என்னைக் கொண்டுவந்த புத்தகங்கள் எல்லாம் முதல் பலகையின்மேல்தான் இருந்தன. அது இன்றும் சுவரில் இருக்கிறது.

போன வருஷம் வண்டியை விற்றபோது நான் ஊரில் இருந்தேன். சித்தப்பா கொல்லையில் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். நானும் அம்மாவும் கேபின் பெட்டியைக் காலி செய்தோம். ஸ்பேனர்களுக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, அந்த நார்க்கயிறு. தூக்கிப் போடப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதப் போட்றாத. குழி வெட்டறதுக்கு உங்க சின்னம்மாவ அளந்த கயிறு. குழியிலயே போட்றா போட்றான்னு எல்லாரும் சொன்னாங்க. மடியில சொருவிக்கிட்டு வந்துட்டான்.”

நான் அதைத் திரும்பத் துணியில் சுற்றி, சித்தப்பாவின் தலையணைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். வைத்தது நான்தான் என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை. நானும் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை.

பட்டறையில் அன்றைக்குக் கயிற்றின் ஒரு முனை அவர் கையில் இருந்தது, மறுமுனை என் கையில். தளர்ந்துவிடக் கூடாதென்று நான் நன்றாக இழுத்துப் பிடித்திருந்தேன். இன்னொருக்கா சொல்லு பாப்பா என்றார். நான் இன்னும் உரக்கச் சொன்னேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது.