செங்கல்லில் ஒரு கட்டைவிரல்

ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் இருக்கும் ஹோபார்ட் நகரத்தில் பேய்க்குப் பயப்படாத ஒரே ஆண்மகன் நான்தான். போன ஜூலைக் குளிர்காலம் வரைக்கும். இது நடந்தது, கதை இல்லை. கதையாக இருந்தால் என்னை இன்னும் கொஞ்சம் நல்லவனாக எழுதியிருப்பேன்.

நான், இமோஜன், ஹேமிஷ். மூவரும் ஒரே கல்லூரி. போனில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு, வழிகாட்டி யாரும் இல்லாமல், பாட்டரி பாயிண்ட் தெருக்களில் பழைய வீடுகளைப் பார்த்து நடந்துகொண்டிருந்தோம். பாதி வழியில், "ஆளை விடுங்க, விரல் விறைக்குது" என்று ஹேமிஷ் துறைமுகத்துப் பப்புக்கு இறங்கிப் போய்விட்டான்.

ஒரு சந்தில் கைதிகள் அறுத்த செங்கல் சுவர். மண் ஈரமாக இருந்தபோது தூக்கிய கைதிச் சிறுவர்களின் விரல் தடங்கள் அப்படியே இருக்கின்றன. இமோஜன் ஒரு கல்லைப் புறங்கையால் தொட்டாள். "நல்லா இருக்கியா, குட்டிப்பையா?"

"செங்கல்கிட்ட நலம் விசாரிக்கிறியா?"

"எங்க வீட்ல எல்லாரும் கேப்போம். எங்க பரம்பரைல ஒருத்தன், பன்னெண்டு வயசு. கோட்டு திருடினான்னு லண்டன்லேருந்து கப்பல்ல ஏத்திட்டாங்க. இங்க கல்லு அறுத்தான்."

"குடும்பத்தோடவே கழண்டுடுச்சா?" என்றேன். ஒரு தடத்தில் கட்டைவிரலைத் திணித்தேன். "டேய் கோட்டுத் திருடா! குளிருதா? வெளிய வாடா!"

அவள் சிரிக்கவில்லை.

விரலுக்கடியில் மண் அமுங்கியது. மெத்தென்று... ஈரமாக... சுட்டு இருநூறு வருடம் ஆன கல்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். நகக்கண்ணில் களிமண். பேன்டில் தேய்த்துத் துடைத்தேன்.

மணி 5.20. இருட்டிவிட்டது. துறைமுகத்துக்கு இறங்கும் குறுகலான கல் படிகள். இமோஜன் இரண்டு படி இறங்கி, பின்பக்கம் கையை நீட்டினாள்.

"ஆங்கஸ், கை குடுடா. எனக்கு இருட்டுல கண்ணு தெரியாதுல்ல. விழுந்தா அவ்ளோதான்."

நான் கையை நீட்டினேன். அவள் விரலைத் தொடுவதற்குள்...

தப்... தப்...

எனக்குப் பின்னால். வெறுங்கால்.

திரும்பினேன். யாரும் இல்லை.

தப்.

என் கோட்டை யாரோ இழுத்தார்கள். இடுப்பு உயரத்திலிருந்து.

கோட்டைக் கழற்றி உதறினேன். மேலே ஓடினேன்.

"ஆங்கஸ்?"

நிற்கவில்லை.

"ஆங்கஸ்...?"

கேட்டது. நிற்கவில்லை.

மலைச்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு துறைமுகம் வந்தேன். கீழிருந்து படிகளுக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். பப்புக்குள் போய் ஹேமிஷ் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கால் மணி நேரம் கழித்து இமோஜன் வந்தாள். ஒரு கீறல் இல்லை.

"கடைசிப் படில கையை விட்டுட்டு எங்கடா ஓடின? நன்றி சொல்லக்கூட விடல."

"இவன் வந்து கால் மணி..." என்று ஹேமிஷ் ஆரம்பித்தான். மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.

"பரவால்ல விடு," என்றேன். ஆமாம், சொன்னேன்.

"ஆனா உன் கை ஏன்டா அவ்ளோ சின்னதா இருந்துச்சு? ஐஸ் மாதிரி... கோட்டுக் கை வேற உன் விரலைத் தாண்டித் தொங்குச்சு."

அவள் உள்ளங்கையில் களிமண்.

நான் கோட்டில்லாமல் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, இன்றுவரை.

விடிந்ததும் படிகளில் தேடினேன். கோட்டு இல்லை. அந்தச் சந்துக்குப் போனேன். யாரும் வரவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன். அப்புறம் புறங்கையால் கல்லைத் தொட்டு, மெதுவாக நலம் விசாரித்துவிட்டு வந்தேன்.

கோட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.