நாலு கட்டையும் நாலாவது ஃபிரெட்டும்

அன்று மேடையில் இருந்தவர்கள் நான்கு பேர். குழுவை நடத்தும் முருகேசன் அண்ணாச்சி, ரிதம் பேட் வாசிக்கும் செல்வம், பாடகி ஜெயா அக்கா, கிதாருடன் நான். இல்லாதவர் கீபோர்டு காதர் அண்ணன். முந்தின வாரம்தான் சவுதிக்கு வேலைக்குப் போயிருந்தார். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டு முழுவதும் வேறு சுருதிக்கு மாறிவிடும். கிதாரில் அந்தப் பொத்தான் வாசிப்பவன் தலைக்குள் இருக்க வேண்டும். என் தலையில் இல்லை.

டவுணில் ஒரு கல்யாண மண்டபம், ரிசப்ஷன். பாட்டு பிடித்துப்போனால் தை மாத நிகழ்ச்சிகள் எல்லாம் உங்களுக்குத்தான் என்று மண்டப மேனேஜர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் ஜெயா அக்கா கட்டின தொண்டையோடு உவரியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

"ஜெயாவுக்குத் தொண்டை சரியில்ல. முதல் பாட்டு அஞ்சு கட்டை வேண்டாம், நாலுக்கு எறக்கிருங்க" என்றார் அண்ணாச்சி. பாடும் சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள்.

"நாலுன்னா பாடிருவேன். என்னலே தம்பி, சரியா?"

"சரிக்கா" என்றேன்.

கேப்போ என்று ஒரு கிளிப் உண்டு. கிதாரின் கழுத்தில் மாட்டினால் எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்திப் பிடித்துச் சுருதியை மேலே ஏற்றும். அதை எடுத்து நாலாவது ஃபிரெட்டில் மாட்டினேன். நாலு கட்டை என்றால் நாலாவது கட்டம். இதில் சந்தேகம்கூட எனக்கு வரவில்லை. அதுவரை கேப்போ இல்லாமல் அந்தப் பாட்டுக்கு நான் பிடித்துவந்த ஜி கார்டுதான் அஞ்சு கட்டை என்பதே தெரியாதவனுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

அக்கா போனில் சுருதிப் பெட்டியை நாலு கட்டைக்குப் போட்டுக் காதோரம் வைத்துக்கொண்டு, துணையில்லாமல் ஒரு விருத்தத்தை இழுத்தார். அவ்வளவு சுத்தமாக நின்றது. பல்லவிக்கு நான் கம்பியைத் தட்டினேன். அவர் நின்றது ஒரு ஊர், நான் இறங்கியது வேறு ஊர். திடுக்கிட்டவர் கிதாரோடு சேர்ந்துகொள்ளக் குரலை மேலே தூக்கினார். தொண்டை உடைந்தது. பதறிப்போய்க் கேப்போவைக் கழற்றினேன். அது பழைய அஞ்சு கட்டை. அங்கேயும் அவரால் ஏற முடியவில்லை. வேறு இடம் எனக்குத் தெரியவும் தெரியாது.

"என்னவே இது, பாட்டா, டவுண் பஸ்சு பிரேக்கா?" என்று பந்திக்குப் போகிறவர் ஒருவர் சத்தமாகக் கேட்டார். முன்வரிசை முழுக்கச் சிரித்தது. எல்லோரும் பார்த்தது ஜெயா அக்காவை.

எவன் சொன்னான்?

மேடைக்குப் பின்னால் அக்கா கேட்டது ஒன்றுதான். "நான் நாலுலதான நின்னேன். நீ எங்கலே போன?"

கேப்போ மாட்டிய கதையைச் சொன்னேன்.

"நாலு கட்டைன்னா நாலாவது ஃபிரெட்டா? எவம்லே சொன்னான்?" என்றார் அண்ணாச்சி.

"யாரும் சொல்லல அண்ணாச்சி."

உண்மை அதுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. கைடை மனப்பாடம் செய்தே டிகிரி வரை வந்தேன். கிதாரையும் அப்படித்தான் படித்தேன். வீடியோவில் விரல் எங்கே இருக்கிறதோ, அங்கே என் விரல். நான் சேர்ந்த கிதார் வகுப்பிலும், "தியரி எல்லாம் போர் தம்பி, நேரா பாட்டுக்குப் போயிருவோம்" என்றார்கள். போனோம். போய்ச் சேர்ந்த இடம் இது.

"தப்பு என் மேல. மேனேஜர்ட்ட நானே சொல்லுதேன்" என்றேன்.

"சொல்லி? கேக்கவனுக்குப் பாட்டுதான்லே காதுல விழும், கிதாரை எவன் கவனிச்சான்? படிச்ச பயலுன்னு ஒன்னச் சேத்தேன் பாரு."

இருந்தும் போய்ச் சொன்னேன். மேனேஜர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்தம்மாவுக்குச் சுருதி நிக்கல. சப்பைக்கட்டு கட்டாதேயும் வே" என்றார்.

அன்றைக்குப் பேசிய பணத்தில் மீதி வரவில்லை, தை மாதம் வேறு குழுவுக்குப் போனது. பெயர் கெட்டுவிட்டது என்று அண்ணாச்சி ஜெயா அக்காவைக் கூப்பிடுவதை நிறுத்தினார். என்னை நிறுத்தவில்லை. கிதாருக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாம். சுருதியில் நின்றவர் வீட்டில் இருக்கிறார், நிற்காதவன் மேடையில் இருக்கிறேன்.

அந்தக் கணக்கு

இப்போது பகலில் கங்கைகொண்டானில் கம்பெனி வேலை, சாயங்காலம் கிதார் வகுப்பு எடுக்கிறேன். "விரல் எங்க வைக்கணும்னு வீடியோல காட்டுதாம்லா, தியரி எதுக்குண்ணே?" என்று பையன்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கட்டை என்றால் சி. இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி. நான் பிடித்துவந்தவை ஜி, டி, இ மைனர், சி. அதே உறவை எஃப்பில் வைத்தால் எஃப், சி, டி மைனர், பி ஃபிளாட். விரல் வலித்தால் மூன்றாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டு, டி கார்டிலிருந்து தொடங்கினால் அதே நாலு கட்டை வந்துவிடும். மேடையில் என் கையில் கிதாரும் இருந்தது, கேப்போவும் இருந்தது. ஒரு ஃபிரெட் தள்ளி மாட்டி, கார்டை மாற்றிப் பிடித்திருந்தால் போதும்.

இதைப் படித்து முடிக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. அந்த மத்தியானத்தை முன்னாலேயே ஒதுக்காததற்காக நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து கட்டிய ஃபீஸ், அன்றைக்கு மண்டபத்தில் தராமல் நிறுத்திக்கொண்ட மீதிப் பணம்: இருபதாயிரம் ரூபாய்.