சவேரியோ கொத்தனார் பிரித்த பலகை

சவேரியோ கொத்தனாரும் நானும் பாலைவனச் சண்டையில் பிடிபட்டு, ஒரே கப்பலில் அந்த வடகடல் தீவுக்கு வந்தவர்கள். இருவருமே வெயில் காயும் தெற்கத்திச் சிசிலிக்காரர்கள். கைதி முகாமில் எனக்குச் சமையல். அவருக்குக் கடலில் தடுப்புச் சுவர் போடும் வேலை.

பூசை காண ஓர் இடம் இல்லையே என்று நாங்கள் கெஞ்சியதில், முகாம் அதிகாரி மேஜர் லோகன் இரண்டு தகரக் கொட்டகைகளைத் தந்தார். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் மதியம் வந்து பார்ப்பேன், அது கோயிலாகத் தெரியாவிட்டால் உருளைக்கிழங்கு கொட்ட எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார்.

உள்வேலை நன்றாகவே நடந்தது. வளைந்த தகரத்தை அட்டையால் மூடி, செங்கல் போலவும் பளிங்கு போலவும் வண்ணம் தீட்டினார்கள். நான் கழுவிக் கொடுத்த இறைச்சி டப்பாக்கள் விளக்குகளாயின. கரையில் உடைந்து கிடந்த கப்பலின் மரம் பீடத்துக்கு வந்தது. வெளியேதான் கஷ்டம். தகர முகப்பை மறைக்க சிமெண்டில் ஒரு வாசல் வளைவு, அதன் தலையில் சின்ன மணிக்கூண்டு. அது சவேரியோவின் பொறுப்பு. திங்கட்கிழமை வார்த்தார். மறுநாள் மேஜர் வருவார் என்று, வெள்ளிக்கிழமை காலையிலேயே சிமெண்டைத் தாங்கி நின்ற சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஏணி வைத்தார்.

எங்களோடு கைதியாக இருந்த வடக்கு மலைநாட்டுக்காரன் எத்தோரே ஏணியைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இன்னும் பத்து நாள் விடுங்க. இந்தக் குளிர்ல சிமெண்ட் தூங்கும்."

"எங்க ஊர்ல மூணாம் நாளே பிரிச்சிடுவோம். இது நாலாச்சு."

"உங்க ஊரு வெயிலையும் மூட்டை கட்டிக் கொண்டாந்தீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வடக்கத்தியான் நமக்குப் பாடம் சொல்வதா என்று நானும் நினைத்தேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். சவேரியோ ஆணியைப் பிடுங்கினார்.

பலகை வந்தது. வளைவு நின்றது. நாங்கள் மூச்சு விடுவதற்குள், காய்ந்த ரொட்டியை ஒடித்தது போல ஒரு சத்தம். வளைவின் உச்சியில் ஒரு கோடு விழுந்தது. மணிக்கூண்டு இம்மியளவு முன்னால் சாய்ந்தது.

எல்லாரும் பின்வாங்கினோம். சவேரியோ மட்டும் ஒரு கம்பத்தைத் தூக்கிக்கொண்டு நேரே அதன் அடியில் போய் முட்டுக் கொடுத்தார். யாரும் கிட்டே வரக்கூடாது என்றார். எத்தோரே அதைக் காதில் வாங்காமல், மண்ணில் படுத்து, கம்பத்தின் அடியில் ஆப்பு அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் மேலிருந்து தூள் கொட்டியது. நான் கரண்டியும் கையுமாக மாதாவைக் கூப்பிட்டபடி நின்றேன். ஆறு கம்பங்கள் கொடுத்த பிறகுதான் அந்தக் கோடு அகலாமல் நின்றது.

சனிக்கிழமை காலையில் காற்று ஊளையிட்டது. புயலில்தான் வெடித்தது என்று மேஜரிடம் சொல்லிவிடலாம் என்றான் எத்தோரே. எங்களுக்கும் அதுவே சரியாகப் பட்டது. மதியம் மேஜர் வந்து கம்பங்களைப் பார்த்து நின்றார். மொழிபெயர்ப்பாளன் வாயைத் திறப்பதற்குள் சவேரியோ முந்திக்கொண்டார்.

"காத்து மேல பழி போடாதப்பா. நான்தான் அவசரப்பட்டேன். இவன் சொல்லியும் கேக்கல."

மொழிபெயர்ப்பாளன் அதைச் சொன்னதும் மேஜர் எத்தோரேயைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை இத்தனை பேர் தலைக்கு மேல் இது நிற்குமா என்று கேட்டார். கம்பங்களைப் பத்து நாள் தொடாவிட்டால் நிற்கும் என்றான் எத்தோரே. மேஜர் குனிந்து கம்பங்களுக்கு நடுவே நுழைந்தார். பீடத்தையும் செங்கல் கூரையையும் கண்டதும் அவர் கை தானாகத் தொப்பிக்குப் போய் அதைக் கழற்றியது. வெறுந்தலையோடு வெகுநேரம் நின்றார். உருளைக்கிழங்குப் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

மறுநாள் நாங்களும் குனிந்தே உள்ளே போனோம். மரமே இல்லாத தீவு. டப்பாத் தகரத்தில் வெட்டிய குருத்துகளைக் கம்பங்களில் கட்டியிருந்தோம். பத்தாம் நாள் எத்தோரே முட்டுகளை எடுத்தான். வளைவு நின்றது. அந்த விரிசலை மட்டும் சவேரியோ பூசவிடவில்லை.

போர் முடிந்து ஊருக்கு வந்தும், போன தவக்காலத்தில் கண்மூடும் வரை அவர் வீடு கட்டிக்கொண்டுதான் இருந்தார். சுட்டெரிக்கும் வெயிலிலும் பத்து நாளுக்கு முன் பலகையைத் தொடமாட்டார். "கொத்தனாரே, உங்க சிமெண்டுக்குக் காய்ச்சலா?" என்று கேலி செய்வார்கள்.

"எத்தோரே சொல்லட்டும், பிரிக்கிறேன்" என்பார்.

எத்தோரே யாரென்று எங்கள் ஊரில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.