பல்லின் நடுவில் நீலம்

அக்காவின் கணவரை நாங்கள் பாவா என்றுதான் கூப்பிடுவோம். திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையில் ஒற்றை லேத் போட்டிருந்தார். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், ஆர்.கே.பேட்டை விசைத்தறிக்காரர் ஒருவர் தறிக்குப் புதிதாக ஒரு பல்சக்கரம் கேட்டு வந்தார். அது ஒழுங்காக ஓடினால் அவருடைய எல்லாத் தறிகளுக்கும் பாவாதான் செய்து தரவேண்டும். இல்லையென்றால் லேத்தை மூடிவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான். அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம், ஊரைவிட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை. எனக்கு ஒன்பது வயது. அக்கா போய்விட்டால் அம்மா தலைபின்னுவாள், வலிக்கும். என் கவலை அவ்வளவுதான்.

தறியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த ஜோடிச் சக்கரத்தில் பாவா நீல மை பூசி, புதியதைப் பல்லோடு பல் சேர்த்துச் சுற்றுவார். புதியதில் நீலம் எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் இரண்டும் தொடுகின்றன. நடுவில் ஒட்டினால் நல்லது. நுனியில் ஒட்டினால் பாரமெல்லாம் அங்கேயே இறங்கி, பல் என்றைக்காவது பெயர்ந்துவிடும். இவருக்கு நுனியிலேயே ஒட்டியது. ஒவ்வொரு பல்லின் நுனியையும் அரத்தால் தலைமுடியளவு தேய்ப்பார், துடைப்பார், மறுபடி பூசிச் சுற்றுவார். இரண்டு நாளாக இதே கதை.

“இன்னா பாவா, இன்னும் ஆவலியா?”

“நடுவுல உழுந்தா ஆச்சும்மா. அடம் புடிச்சிகினு கீது.”

மூன்றாம் நாள் தறிக்காரர் வரும் நேரத்தில் பாவா டீ சொல்லப் போனார். நான் நுனியிலிருந்த நீலத்தைத் துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பல்லின் நடுவிலும் விரலால் நீலம் வைத்தேன். கச்சிதமாக வைத்ததில் பெருமை வேறு.

பாவா திரும்பி வந்து சக்கரத்தைக் கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். நான் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அதற்குள் தறிக்காரர் வந்துவிட்டார்.

“இன்னாப்பா, சரியா உழுந்துச்சா?”

“ஆங்... நடுவுலதாங்க உழுந்துகீது” என்றார் பாவா.

கிருத்திகை முடிந்த மறுநாளே மூன்று பல் பெயர்ந்து, தறியில் ஓடிக்கொண்டிருந்த சேலை இழையெல்லாம் அறுந்தது. தறிக்காரர் கடை வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினார். “என் தப்புதாங்க” என்றார் பாவா. அந்த மாதமே லேத் கைமாறியது. அரக்கோணத்தில் ரயில் ஏறும்போது அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பாவாவை ஏமாற்றிவிட்டோமே என்று பல வருடம் யாரிடமும் சொல்லாமல் புழுங்கினேன். தலைமுடியளவு கோணலைக் கண்ணாலேயே பிடிக்கிற மனிதர் அவர். பல்லுக்குப் பல் பதிந்திருந்த என் விரல் ரேகை அவருக்கா தெரியாமல் போயிருக்கும்? அன்றைக்கு அந்தப் பொய் என்னைவிட அவருக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.