முன்பொட்டியில் இருந்த அய்யா

புது ஸ்பீக்கரின் கறுப்புத் துணிமீது உள்ளங்கையை வைத்தால், சத்தம் ஏறும்போதெல்லாம் ஒரு சின்னக் காற்று வந்து கையை மெல்லத் தள்ளும். எங்கள் தங்கச்சிமடம் வீட்டின் ஓடுகளைக் கச்சான் காற்று நாள் முழுக்கத் தடதடக்க வைத்த அந்த மாதங்களில்கூட, என் தங்கை ரீத்தா இந்தச் சின்னக் காற்றுக்காகத்தான் பெட்டியின் முன் தவம் கிடப்பாள். அவளுக்கு அப்போது மூன்று வயது, எனக்குப் பத்து.

அய்யா பஹ்ரைனில் மீன்பிடிப் படகு வேலைக்குப் போனபோது ரீத்தா அம்மாவின் வயிற்றில் இருந்தாள். போனில் அவர் குரலைக் காதருகே வைத்தாலே வீறிட்டு அழுவாள். அதனால்தானோ என்னவோ, ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவரிடம் அவர் ஒரு ஹோம் தியேட்டர் செட்டைக் கொடுத்தனுப்பியபோது, கூடவே தான் பேசிப் பதிந்த ஒரு சிடியையும் வைத்திருந்தார். பிள்ளைக்குத் தன் குரலாவது பழகட்டும் என்று நினைத்திருப்பார்.

சினிமா போட்டால் ஐந்து பெட்டிகளும் சேர்ந்து வீட்டின் நாலு மூலையையும் அதிர வைக்கும். அய்யாவின் சிடியைப் போட்டாலோ, டி.வி.க்கு இருபுறமும் இருந்த, நாங்கள் "முன்பொட்டி" என்று சொன்ன இரண்டு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல முணுமுணுக்கும். கச்சான் வீசினால் அதுவும் கேட்காது. "அவுக குரலே அம்புட்டுத்தான். பக்கத்துல இருந்தாலே ரெண்டு தடவ கேட்டாத்தான் வெளங்கும்" என்பாள் அம்மா.

திருவிழாக்களுக்கு மைக் செட் போடும் அம்மாவின் தம்பி, அந்தோணி மாமா, வந்து பார்த்தார். "ஏக்கா, இது என்ன சினிமாவா, அஞ்சு பொட்டியும் பேசுறதுக்கு? மச்சான் பேசுனது முன்னாடி ரெண்டுலதான் வரும். அதுகளுக்குப் பவர் பத்தல" என்றவர், மறுநாளே தன் பழைய ஆம்ப்ளிஃபயரைத் தோளில் தூக்கி வந்தார். செட்டின் முதுகிலிருந்து ஒரு வயரை இழுத்து அதில் சொருகி, முன்பொட்டி இரண்டையும் செட்டிலிருந்து கழற்றி அதிலேயே மாட்டிவிட்டு, "பாதிக்கு மேல திருகிறாதீக, பொட்டி கிழிஞ்சுரும்" என்று எச்சரித்தார்.

திருகியதும் அய்யா வந்துவிட்டார். "ரீத்தாக்குட்டி, அய்யா பேசுறேன்" என்று அந்தக் குரல் கனத்து, ஆழ்ந்து, சுவரெல்லாம் நிறைந்து நின்றது. தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. அதுவரை யார் காதிலும் விழாத ஒரு வரியும் அன்றுதான் கேட்டது: "ராணி, ஒன் நெனப்பாவே இருக்கு." அம்மா பதறி ஓடிக் குமிழைத் திருகினாள், அதுவும் மாற்றுப் பக்கமாக. அடுத்த வரி மாதா கோயில் வரைக்கும் கேட்டது என்று மாமா வெகுநாள் கேலி செய்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகான மத்தியானங்கள் எல்லாம் எனக்கு ஒரே மத்தியானமாகத்தான் நினைவிருக்கின்றன. அம்மா கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருப்பாள். ரீத்தா பெட்டித் துணியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, பாதி முறுக்கை அதற்கு ஊட்டப் பார்த்து, அப்படியே தூங்கிப்போவாள். அந்தக் குரலின் அதிர்வு தரை வழியாக என் முதுகுக்கும் வர, நான் கண்ணை மூடிப் படகில் மிதப்பதாக நினைத்துக்கொள்வேன். அவ்வளவு நிம்மதியாக நான் பிறகு எங்கும் படுத்ததில்லை.

சில மாதங்கள் கழித்து, நாற்பது நாள் விடுப்பில், நிஜ அய்யா வந்தார். கறுத்து மெலிந்த அந்த மனிதர் வாசலிலேயே குந்தி, "ரீத்தாக்குட்டி, அய்யா வந்துட்டேன்" என்று கை நீட்டினார். அவள் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, "அய்யா அங்கன இருக்காக" என்று முன்பொட்டியைக் காட்டினாள். சாக்லேட்டுக்கு மசியவில்லை, பொம்மைக்கு மசியவில்லை. அவரை "மாமா" என்றாள். நாட்கள் கழியக் கழிய அய்யாவின் சாப்பாடு குறைந்தது. இப்படியே திரும்பிப் போக நேர்ந்துவிடுமோ என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

விடுப்பு முடிய ஐந்து நாட்களே இருந்தபோது, அவர் செட்டை அணைத்துவிட்டு, அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, சிடியில் பேசியதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ரீத்தா தயங்கித் தயங்கி வந்தாள். துணியில் வைப்பதுபோலவே அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கி, "சத்தம் பத்தல" என்றாள்.

அய்யா வாழ்நாளில் எழுப்பியிராத குரலில், கழுத்து நரம்பு புடைக்க, "ரீத்தாக்குட்டி! அய்யா பேசுறேன்!" என்று கத்தினார். நடுவில் இருமல் வந்தது. இருமிவிட்டு மறுபடியும் கத்தினார். கைக்குள் அதிர்வு வந்ததும் அவள் கலகலவென்று சிரித்து, "அய்யா!" என்று மடியில் ஏறிக்கொண்டாள். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ரீத்தா இருக்கும் இடத்தில் அய்யா கத்தித்தான் பேசினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்த நாற்பது நாட்களும் அப்படியே, போனிலும் அப்படியே. பழகிய தொண்டை மற்றவர்களிடமும் உயர்ந்துவிட, தெருவில் அவருக்குச் "சவுண்டு" என்றே பெயராகிவிட்டது.

இந்த வருடம் அவர் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். செட்டைப் பழைய இரும்புக்காரர் எப்போதோ கொண்டுபோய்விட்டார். உப்புக் காற்றில் சிடியின் மினுமினுப்பு உரிந்து, அதில் இப்போது ஒன்றும் ஓடாது. கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் ரீத்தா போன வாரம் வந்தாள், அவர் தூங்குவதாக நினைத்துச் சத்தமில்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் வந்தது அவருக்குத் தெரியாது. உள் அறையில், அம்மாவிடம் அவர் தன் பழைய முணுமுணுப்புக் குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ரீத்தா தலையைச் சாய்த்துச் சற்று நேரம் கேட்டாள். பிறகு என் கையைத் தொட்டு, "அக்கா, உள்ள அம்மாகூட யாரு பேசிக்கிட்டு இருக்கா?" என்றாள்.